மூன்றாமவர்

மேடை என்று பெயர்தான். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குப் பலகை அடித்திருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் பியானோ எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சத்தில் டபுள் பாஸ்காரர் நிற்க வேண்டும், டிரம்காரர் உட்கார வேண்டும். செங்கல் வளைவுகள் தாங்கிய நிலவறை. லைப்சிக் நகரின் நடுப்பகுதி. படியேறிக் கொஞ்சம் நடந்தால் தோமா தேவாலயம். யோகான் செபாஸ்டியன் பாக் 1723-இலிருந்து 1750-இல் கண்மூடும்வரை உத்தியோகம் பார்த்த இடம். அவருடைய கல்லறையும் இப்போது அதற்குள்தான் இருக்கிறது. ஜூன் மாதம். இரவு ஒன்பதுக்கும் வெளியே வெளிச்சம் போகவில்லை. உள்ளே மேசைக்கு ஒரு மெழுகுவத்தி, ஆளுக்கொரு பீர்.

நுழைவுச் சீட்டில் எனக்குப் புரிவது மூன்றே வார்த்தைகள்: ஜாஸ், பாக், ராவெல். ஜெர்மன் தெரியாதவனுக்கு இந்த ஊரில் வாய்க்கு வேலை இல்லை, கண்ணுக்குத்தான். கிடைத்த நாற்காலியும் தூணை ஒட்டியது. பியானோக்காரரின் முதுகு தெரிகிறது, கைகள் தெரியவில்லை. பாஸ்காரர் பாதி தெரிகிறார். டிரம்காரர் மட்டும் உச்சந்தலையிலிருந்து ஷூ நாடாவரை முழுசாக, கையை நீட்டினால் சிம்பலைத் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில். ஆகவே இன்றைக்கு எனக்கு வாய்த்தது டிரம் கச்சேரி.

அறுபதை நெருங்கும் ஆள். முன்தலை வழுக்கை, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் இறுக்கமாகச் சுருட்டியிருக்கிறார். ஸ்நேர் டிரம்மின் தோலில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பவராகக் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்துத் தோலின் ஓரத்தில் வைக்கிறார். தட்டிப் பார்க்கிறார். திருப்தி இல்லை, எட்டாக மடிக்கிறார். கல் சுவர், வளைந்த கூரை. இங்கே ஓர் அடி அடித்தால் அது சாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாக்கைக் கெடுக்க ஒரு டிரம்காரர் தப்பாக அடிக்க வேண்டியதில்லை. சரியாக அடித்துச் சத்தம் கொஞ்சம் தங்கிவிட்டாலே போதும்.

பியானோவின் தாங்கியில் நாலைந்து தாள்களை ஒட்டுநாடாவால் ஒட்டி விசிறி மடிப்பாக விரித்திருக்கிறார்கள். பாஸ்காரருக்கு ஒரே தாள். எட்டிப் பார்த்தால் அதில் ஸ்வரக் குறிகள் சொற்பம். எழுத்துகளும் எண்களும்தான் வரிசையாக இருக்கின்றன, எந்த இடத்தில் எந்தக் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக்கொத்து, என்று. ஜாஸ்காரர்களின் குறுக்குவழி இது என்று சிலர் நினைக்கலாம். பாக் காலத்துக் கீபோர்டு வித்வான்களுக்கும் இதே கதிதான். கீழ்வரி பாஸை மட்டும் எழுதி, அதன்மேல் 6, 7, 4 என்று எண்களைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மேலே என்ன சேர்க்க வேண்டும் என்பதை வாசிப்பவர் அந்தக் கணத்தில் கையால் முடிவு செய்ய வேண்டும். முந்நூறு வருஷம் தள்ளிப் பிறந்த இரண்டு கூட்டமும் ஒரே மாதிரிச் சீட்டை வைத்துக்கொண்டு பிழைத்திருக்கிறது.

டிரம்காரருக்குத் தாளும் இல்லை, தாங்கியும் இல்லை. காலடியில், பெடலுக்குப் பக்கத்தில், தடித்த பேனாவால் எழுதிய உருப்படிப் பட்டியல் ஒன்று கிடக்கிறது, அவ்வளவுதான். வேறென்ன இருக்க முடியும்? அவர் முன்னால் இருக்கிற வாத்தியத்துக்குப் பாக் ஒரு வரி எழுதியதில்லை. எழுதியிருக்கவும் முடியாது. பாஸ் டிரம்மைக் காலால் மிதித்து அடிக்கிற பெடலை லுட்விக் சகோதரர்கள் சிகாகோவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1909-இல். இரண்டு சிம்பல்களை ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்துக் காலால் மூடித் திறக்கிற ஹை-ஹேட், 1920-களின் பின்பாதிச் சரக்கு. நம்மூர்க் கச்சேரியில் மிருதங்கக்காரருக்கும் தாள் கிடையாதுதான். ஆனால் கீர்த்தனை போட்டவரே தாளத்தையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்தில் ஒரு தோல்வாத்தியம் வரும் என்று தெரிந்தே போட்டிருக்கிறார். இவர் அழையா விருந்தாளி. பியானோக்காரரின் இரண்டு கைக்கும் பாக் வேலை வைத்திருக்கிறார். பாஸ்காரர் பாக்கின் இடதுகையிலிருந்து கீழ்வரியை உருவிக்கொள்ளலாம். மூன்றாமவர் தன் வேலையைத் தானே கண்டுபிடிக்க வேண்டும்.

விளக்கு மங்குகிறது. அறிமுகப் பேச்சு ஒன்றும் இல்லை. பியானோக்காரரின் தோள் லேசாக ஏறி இறங்குகிறது.

சி மேஜர் பிரெலூட். 1722-இல் பாக் தொகுத்த நூலின் முதல் பக்கம். பியானோ படிக்கிற பிள்ளைகள் உலகமெங்கும் தடவித் தடவி வாசிக்கிற உருப்படி. மெட்டு என்று எதுவும் இல்லை. ஒரு கார்டை எட்டுத் துளியாக உடைத்து, அதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டு, அடுத்த கார்டுக்கு நகர்ந்துவிடும். மொத்தமே 35 பார்கள். எழுதியிருப்பதை எழுதியபடியே வாசிக்கிறார். டிரம்காரரின் இரண்டு கைகளும் தொடைமேல் கிடக்கின்றன. கண்ணை மூடவில்லை, தலையை ஆட்டவில்லை. வாசிக்காத வித்வான்கள் மேடையில் காட்டுகிற பக்தி பாவனை எதுவும் இல்லை.

எனக்கு முந்தைய வரிசையில் ஒரு இளைஞன். முழங்கால்மேல் பாக்கின் ஸ்வரப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் பார் பாராகத் தொடர்ந்து வருகிறான். தேர்வு மேற்பார்வையாளரின் முகம். 35 முடிகிறது. கடைசிக் கார்டின் மேலேயே பாஸ் நுழைகிறது, கீழே இருந்து, வில் இல்லாமல் விரலால் மீட்டி. பியானோ மறுபடி முதல் பாருக்குப் போகிறது. ஆனால் இந்தத் தடவை அதே எட்டுத் துளிகள் அதே வரிசையில் விழவில்லை. இளைஞனின் விரல் நிற்கிறது. முன்னால் போகிறது, பின்னால் வருகிறது. பிறகு முதல் பாரின்மேலேயே விரலை அழுத்தி வைத்துக்கொள்கிறான், அவர்கள் திரும்பி வரும்வரை இடத்தைப் பிடித்துவைக்கிறவனாக.

டிரம்காரர் அப்போதுதான் அசைகிறார். ஒரு பிரஷை எடுத்து அதன் பின்முனைக் கம்பியை உள்ளே தள்ள, மெல்லிய இரும்பு இழைகள் விசிறியாக விரிகின்றன. அதை ஸ்நேர் தோலில் வைத்து இழுக்கிறார். அடி இல்லை, தேய்ப்பு. வெள்ளைத் தோலின் சொரசொரப்பில் இழைகள் வட்டமாகப் போய் வருகிற சத்தம். இடது கை வட்டத்தை விடாமல் போட்டுக்கொண்டிருக்க, வலது கை பிரஷ் அங்கங்கே தொடுகிறது. தாளம் எங்கே என்று கேட்டால் கையை நீட்டிக் காட்ட முடியாது. ஆனால் அறையில் ஏழெட்டுப் பேரின் கால் ஆட ஆரம்பித்துவிட்டது.

இந்த வித்தைக்கு ஒரு வம்சம் இருக்கிறது. அதன் மூலபுருஷர் ழாக் லூசியே என்ற பிரெஞ்சுக்காரர். 1934-இல் ஆன்ஜேயில் பிறந்தவர். பாரிஸ் கன்சர்வத்வாரில் ஈவ் நாட்டிடம் பியானோ படித்தவர். படிப்பை முடிக்காமல் ஊர் சுற்றக் கிளம்பி, கியூபாவில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தார். 1959-இல் பாஸுக்கு பியேர் மிஷலோவையும் டிரம்முக்குக் கிறிஸ்தியான் கரோவையும் சேர்த்துக்கொண்டு ‘பிளே பாக்’ என்று டெக்காவுக்கு ஒரு தட்டு பதிவு செய்தார். முதல் உருப்படியே இந்த சி மேஜர் பிரெலூட். அதற்கு நூறு வருஷம் முன்னால், 1859-இல், ஷார்ல் குனோ இதே பிரெலூடைத் தரையாக விரித்து மேலே ஒரு ‘ஆவே மரியா’ மெட்டைப் பாடவைத்திருந்தார். அதைக் கோயிலில் பாடலாம் என்றார்கள். லூசியே பாஸும் டிரம்மும் சேர்த்தபோது மட்டும் இரண்டு பக்கமும் முகம் சுளித்தன. சாஸ்திரிய இசைக்காரர்களுக்கு அது அபசாரம், ஜாஸ்காரர்களுக்கு அது போதுமான ஜாஸ் இல்லை. வாங்கிக் கேட்டவர்கள் கவலைப்படவில்லை. தட்டுகள் அறுபது லட்சத்துக்கு மேல் விற்றன. பிரிட்டனில் ஒரு சுருட்டு விளம்பரத்துக்கு லூசியே குழு வாசித்த ‘ஏர்’ நிரந்தரப் பின்னணியாகி, தொலைக்காட்சியில் சுருட்டு விளம்பரம் தடை செய்யப்பட்ட 1991 வரை ஓடியது. பாக்கின் பெயரே தெரியாமல் பாக்கை முணுமுணுத்த ஒரு தலைமுறை அங்கே உண்டு. தமிழ்நாட்டில் நமக்கு அந்தக் கதவை 1986-இல் இளையராஜா வேறு பக்கமாகத் திறந்துவிட்டார், தியாகையருக்கும் பாக்குக்கும் ஒரே இசைத்தட்டைக் காணிக்கையாக்கி.

லூசியேயின் பெயரைச் சொல்கிறவர்கள் கரோவின் பெயரைச் சொல்வதில்லை. எனக்கு அதில் எப்போதும் ஒரு வருத்தம். பழைய பதிவுகளைக் கேட்டால் பியானோ பல இடங்களில் அடக்க ஒடுக்கமாகத்தான் நடக்கிறது. அதற்கு நடை கொடுப்பது பின்னால் இருக்கிற இருவரும்தான். மிஷலோ சாதாரண ஆள் இல்லை. 1957-இல் மைல்ஸ் டேவிஸ் பாரிஸில் ஒரு திரைப்படத்துக்கு இசை வாசித்தபோது பாஸ் பிடித்தவர்.

மேடையில் இப்போது அந்த ‘ஏர்’தான். கூட்டத்திலிருந்து ஒரு சின்ன பெருமூச்சு. எல்லோருக்கும் தெரிந்த உருப்படி வந்துவிட்ட நிம்மதி. பாஸ்காரருக்கு இது அல்வா. பாக் எழுதிய கீழ்வரியே படிப்படியாக இறங்கி நடக்கிற வரி. ஒவ்வொரு படியிலும் மேலும் கீழுமாக ஒரே ஸ்வரத்தை இரண்டு தடவை மிதித்துவிட்டு அடுத்த படிக்கு இறங்கும். ஜாஸ் பாஸ்காரர்கள் இரவெல்லாம் செய்கிற வேலை இதுதான். எதையும் மாற்ற வேண்டாம்; வில்லைக் கீழே வைத்துவிட்டு விரலை எடுத்தால் போதும்.

டிரம்காரரைப் பார்க்கிறேன். இந்த ‘ஏர்’ ஒரு பெரிய தொகுப்பின் நடுவில் வருகிற துண்டு. ஆர்கெஸ்ட்ராவுக்கு பாக் எழுதிய மூன்றாவது சூட்டில் இரண்டாவது உருப்படி. அந்த சூட்டில் மூன்று டிரம்பெட் உண்டு, இரண்டு ஓபோ உண்டு, முக்கியமாக டிம்பனியும் உண்டு. முதல் உருப்படியில் டிம்பனிக்காரர் முழங்குகிறார். ‘ஏர்’ வந்ததும் டிரம்பெட், ஓபோ, டிம்பனி எல்லாவற்றையும் பாக் நிறுத்திவிடுகிறார். தந்தி வாத்தியங்களும், எண் பார்த்துக் கீழ்வரிக்குக் கார்டு சேர்க்கிற கன்டினுவோவும் மட்டும் வாசிக்க வேண்டும். பிறகு கவோத் வரும்போது டிம்பனிக்கு மறுபடி அழைப்பு. ஆக, இந்த ஐந்து நிமிஷமும் பாக்கின் தோல்வாத்தியக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், சக வித்வான்கள் சுகமாக வாசிப்பதைப் பார்த்துக்கொண்டு. லைப்சிக்கிலேயே அப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

பாக் வாயடைத்த இடத்தில் இந்த மனிதர் என்ன செய்யப்போகிறார்?

பிரஷைக்கூட எடுக்கவில்லை. விரல் நுனிகள். வலது கையின் நாலு விரல்களால் பெரிய சிம்பலின் ஓரத்தை அடியிலிருந்து தொடுகிறார். சிம்பல் ஒலிக்கிறது என்று சொல்ல மாட்டேன், அசைகிறது. இடது கால் மட்டும் ஹை-ஹேட்டை இரண்டிலும் நாலிலும் மூடுகிறது. ‘ச்’ என்று ஒரு மூடல். முதல் பாதியில் அவ்வளவுதான். மெட்டின் அந்த நீண்ட முதல் ஸ்வரம், நிறுத்தினால் நின்றுவிடும் என்கிற மாதிரி இழுபட்டுக்கொண்டிருக்க, அதற்குக் கீழே இரண்டு ‘ச்’. பியானோவில் ஸ்வரத்தை வயலின் மாதிரி இழுக்க முடியாது, தட்டியவுடன் தேய ஆரம்பித்துவிடும். தேய்கிற அந்தச் சத்தத்தின் வாலைச் சிம்பலின் அசைவு வாங்கிக்கொள்கிறது. இதை அவர் யோசித்துச் செய்தாரா, காது செய்ததா, தெரியவில்லை. ஆனால் அந்த நீண்ட ஸ்வரம் பியானோவில் அன்றைக்குத்தான் முழு நீளத்துக்கு நின்றது.

இந்த உருப்படிக்கு வாத்தியம் மாறுவது புதிதும் இல்லை. 1871-இல் ஆகுஸ்ட் வில்ஹெல்மி என்ற வயலின்காரர் சுருதியை இறக்கி, வயலினின் ஒரே தந்தியில் வாசிக்கிற மாதிரி இதை மாற்றினார். ‘ஜி தந்தி ஏர்’ என்ற பெயர் அதிலிருந்து வந்தது; பாக்குக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை.

இந்த வகை இசையில் நான் கேட்ட மோசமானவற்றையும் சொல்லத்தான் வேண்டும். மோசம் பெரும்பாலும் டிரம்மிலிருந்துதான் ஆரம்பிக்கும். பாக்கின் பதினாறாம் துளிகள் ஒரே அளவாக ஓடுபவை. ஜாஸ் சிம்பலின் நடையோ ஒன்று நீளம், ஒன்று குட்டை. இந்த இரண்டையும் யோசிக்காமல் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், நட்சத்திர ஓட்டல் வரவேற்பறையில் மாலை ஆறு மணிக்குக் கேட்கிற சமாசாரம் கிடைக்கும். பாக்கும் இருக்க மாட்டார், ஜாஸும் இருக்காது. ஹை-ஹேட் மட்டும் கடமை தவறாமல் டிக்டிக்கென்று போய்க்கொண்டிருக்கும். அப்படி எத்தனையோ இசைத்தட்டுகள் வந்து போய்விட்டன.

இந்த மனிதரும் ஒரு இடத்தில் அந்த ஓட்டலுக்குள் எட்டிப்பார்த்துவிட்டு வருகிறார். இத்தாலியன் கன்செர்த்தோவின் வேகமான கடைசிப் பகுதி. இந்தமுறை பிரஷ் இல்லை, குச்சி. பியானோவின் ஓட்டத்துக்கு நடை சேர்க்கப் போனவர், ஓட்டத்தையே மூடிவிடுகிறார். பியானோக்காரர் தலையைத் திருப்புகிறார்; முறைப்பு இல்லை, வெறும் திருப்பல். டிரம்காரர் உதட்டைப் பிதுக்கி, அடுத்த பாரிலேயே சிம்பலை விட்டுவிட்டு ஸ்நேரின் இரும்பு வளையத்துக்குப் போய்விடுகிறார். பல வருஷம் சேர்ந்து வாசிப்பவர்களுக்குள் மட்டும் இப்படிப் பேச்சு நடக்கும். பாஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார்.

அடுத்தது சி மைனர் ஃப்யூக். ஃப்யூக் என்றால் ஒரு சின்ன வாக்கியத்தை ஒரு குரல் தனியாகச் சொல்லும், சொல்லி முடித்ததும் இரண்டாவது குரல் அதையே வேறு சுருதியில் ஆரம்பிக்கும், முதலாவது கூடவே எதிர்ப்பேச்சு பேசும், பிறகு மூன்றாவது. இதில் மூன்று குரல். மேடையிலும் மூன்று பேர். இந்தக் கணக்கு யாருக்கும் தோன்றும். ஆனால் மூன்றாமவரிடம் ஸ்வரம் இல்லையே.

வாக்கியத்துக்கு ஒரு துள்ளல் உண்டு: தக திம் திம் திம், தக திம் திம் திம். பியானோ சொல்கிறது, வலது கையால் மட்டும். பாஸ் சொல்கிறது, பியானோ ஒதுங்கிப் பேசுகிறது. மூன்றாவது குரல் வர வேண்டிய இடம் நெருங்குகிறது. இளைஞனின் விரல் புத்தகத்தில் கீழ்வரிக்கு இறங்கித் தயாராக நிற்கிறது.

டிரம்காரர் ஸ்நேரின் பக்கத்து நெம்புகோலைத் தட்டி அடிக்கம்பிகளை விடுவிக்கிறார். கரகரப்பு போய்விட்ட ஸ்நேர், அதைவிடத் தடித்த டாம், தரையில் நிற்கிற பெரிய டாம்: மூன்று உயரம் கிடைத்துவிட்டது. குச்சியைக் கீழே வைத்துவிட்டு, பஞ்சு முனை கொண்ட மல்லெட்டுகளை எடுக்கிறார். தக திம் திம் திம். வாக்கியம் எங்கே ஏறுகிறதோ அங்கே சின்னத் தோல், எங்கே இறங்குகிறதோ அங்கே பெரிய தோல். ஸ்வரம் ஒன்றுகூடச் சரியில்லை, எப்படிச் சரியாக இருக்கும்? ஆனால் வாக்கியம் அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்து குறையாமல். பியானோவும் பாஸும் அவரைச் சுற்றி எதிர்ப்பேச்சு வாசிக்கிறார்கள். பாக் எழுதிய கீழ்வரியின்மேல் இளைஞனின் விரல் துளித்துளியாக நகர்கிறது, ஒரு தோல்வாத்தியத்தைப் படித்துக்கொண்டு. அறையில் பலர் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். கேலிச் சிரிப்பில்லை, பிடிபட்டுவிட்டது என்கிற சிரிப்பு. என் பக்கத்து மேசையில் முத்துக் கம்மல் போட்ட வயதான பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. புருவத்தை உயர்த்தி, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இந்த ஆள் யார் என்று பார்க்கிறார்.

இடைவேளை. பீர் இன்னொரு சுற்று வருகிறது. தேவாலயத்து இசையை மதுக்கடையில் வைத்து வாசிப்பதா என்று கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இந்த ஊரில் அது எடுபடாது. 1729 முதல் பாக்கே இங்கே ஒரு மாணவர் இசைக்குழுவை நடத்தினார். கத்தரினா தெருவில் இருந்த ஸிம்மர்மன் காபிக் கடைதான் அவர்களுக்குச் சபா. குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை இரவு எட்டிலிருந்து பத்துவரை. கோடையில் புதன்கிழமை மாலை, நகர வாசலுக்கு வெளியே தோட்டத்தில். கடை இப்போது இல்லை, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் போய்விட்டது. அங்கேயும் கிண்ணங்கள் மோதிக்கொண்டிருக்கும், யாராவது இருமிக்கொண்டிருப்பார்கள். இதே ஊர்க்காரரான யோகான் அடோல்ஃப் ஷைபெ என்ற விமர்சகர் 1737-இல் பாக்கின்மேல் வைத்த புகார்களில் ஒன்று சுவாரசியமானது. வாசிப்பவர் தானாகப் போட்டுக்கொள்ள வேண்டிய கமகம், அலங்காரம் எல்லாவற்றையும் இந்த மனிதர் ஸ்வரமாகவே எழுதிவைத்துவிடுகிறார் என்றார். அதாவது, கற்பனைக்கு இடம் விடுவதில்லை என்பது குற்றச்சாட்டு. இந்த மூவர் அந்த மனுவை எடுத்து நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பாதிக்கு ராவெல் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர். ‘பொலேரோ’.

இதுவரை ஒரு வரி இல்லாத மனிதருக்கு இப்போது எல்லா வரியும் எழுதியிருக்கிறது. 1928 நவம்பரில் பாரிஸ் ஆப்பராவில் ஈடா ரூபின்ஸ்டைனின் நடனத்துக்காக அரங்கேறிய இந்த உருப்படியில், ஸ்நேர் டிரம்காரர் இரண்டு பார் நீளமுள்ள ஒரே சொற்கட்டை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை அடிக்க வேண்டும். தாம் தகிட தாம் தகிட தாம் தாம். தாம் தகிட தாம் தகிட தகிட தகிட. 169 தடவை. மாற்றம் கூடாது, வேகம் ஏறக்கூடாது, சத்தம் மட்டும் மயிரிழை மயிரிழையாகக் கூட வேண்டும். கால் மணி நேரம். ஆர்கெஸ்ட்ரா டிரம்காரர்களுக்கு இதைவிடப் பயங்கரமான உருப்படி குறைவு. கடினம் என்பதால் இல்லை, ஒளிய இடமில்லை என்பதால். பாக் அவரை விருந்துக்கே கூப்பிடவில்லை. ராவெல் கூப்பிட்டுத் தூணோடு கட்டிப்போட்டுவிட்டார்.

ஆரம்பிக்கிறார். விரல்களால், ஸ்நேரின் ஓரத்தில், கைக்குட்டைக்குப் பக்கத்தில். பியானோக்காரர் வாசிக்கவில்லை, பாஸ்காரர் வாசிக்கவில்லை. நாலைந்து சுற்று அவர் மட்டும். நெற்றியில் வேர்வை வருகிறது. மெதுவாக அடிப்பதுதான் தசையைப் பிழியும். ஓங்கி அடிப்பவனுக்கு வேர்ப்பதில்லை. முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கின்றன. மணிக்கட்டும் அசையவில்லை. விரல் மட்டும்.

மெட்டு வருகிறது. பாஸ்காரர் வில்லை எடுத்து அதைக் கழுத்தின் உச்சியில், பாஸுக்குரிய சத்தமே இல்லாத மெல்லிய குரலில் வாசிக்கிறார். பிறகு பியானோ. விரல் போய்ப் பிரஷ் வருகிறது. கை மாறியது காதில் விழவில்லை, பார்த்தால்தான் தெரிகிறது. ஒரு கை அடித்துக்கொண்டிருக்கும்போதே மறு கை மடிமேலிருந்து பிரஷை எடுத்துவிட்டது.

எத்தனையாவது சுற்று என்று தெரியாது, ஒரு அடியை விட்டுவிடுகிறார். இரண்டாவது ‘தகிட’வின் நடு எழுத்து. தவறிவிட்டதோ என்று பார்த்தால் அடுத்த சுற்றில் வேறொரு எழுத்து விடுபடுகிறது. அதற்கடுத்த சுற்றில் இரண்டு. சொற்கட்டில் பொத்தல் விழ ஆரம்பிக்கிறது. ஆனால் தாளம் குறையவில்லை. ஏன் என்று சுற்றும்முற்றும் பார்த்தால், முத்துக் கம்மல் பெண்மணியின் நகம் பீர்க் கிண்ணத்தின் மேல் தகிட தகிட என்று போய்க்கொண்டிருக்கிறது. இளைஞன் மூடிய புத்தகத்தின் அட்டையில். சுவரோரம் நின்ற பரிமாறுகிறவர் தட்டின் அடியில். யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. காதில் விழாத எழுத்தை விரல் போட்டுவிடுகிறது. அவர் விட்டுக்கொண்டே போகிறார், அறை எடுத்துக்கொண்டே வருகிறது. கடைசியில் பாரின் முதல் ‘தாம்’ மட்டும் அவருடையது, மீதி எல்லாம் மேசைகளுடையது.

தூணிலிருந்து அவிழ்ந்துவிட்டார். குச்சியை எடுத்துக்கொண்டு ராவெல் எழுதிய எதையும் தொடாமல் சிம்பலில் போகிறார், டாமில் போகிறார், மூன்றுக்குக் குறுக்கே நாலு போடுகிறார், ஐந்து போடுகிறார். ஃப்யூக்கில் கரகரப்பை நிறுத்த விடுவித்த கம்பிகளை மாட்டிவிட்டு உருட்டுகிறார். பியானோக்காரர் இடது கையில் சொற்கட்டை வாங்கிக்கொண்டு காவல் காக்கிறார். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்ட டிரம்காரர் முதல் தடவையாகச் சத்தமாக வாசிக்கிறார், கைக்குட்டை துள்ளிக் கீழே விழுகிறது. எழுதிய இசையில் முடிவுக்குச் சற்றுமுன் சட்டென்று சுருதி மாறும், கொஞ்ச நேரம் வேறு வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து எல்லாமாகச் சரியும். இங்கேயும் சரிகிறது. மூன்று பேரும் ஒரே குழியில் விழுகிறார்கள். சிம்பலை அவர் கையால் இறுக்கிப் பிடிக்கிறார், கல் கூரைக்கு எதுவும் மிச்சம் வைக்காமல்.

கைதட்டல். பியானோக்காரர் இரண்டு கையையும் டிரம் பக்கம் நீட்டிக் காட்டுகிறார். இவர் தரையில் குனிந்து கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

கூட்டம் கலைகிறது. பியானோக்காரர் மூடியைச் சாத்தி, ஒட்டுநாடாத் தாள்களை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, யாரோ நீட்டிய வைனை வாங்கிக்கொள்கிறார். அவர் வேலை முடிந்தது. பாஸ்காரர் தன் வாத்தியத்தைப் பெரிய பைக்குள் நிறுத்தி ஜிப்பை இழுக்கிறார். டிரம்காரருக்கு அரை மணி வேலை கிடக்கிறது. திருகுகளைக் கழற்ற வேண்டும், கம்பளித் துணி வட்டுகளை எண்ணிப் பார்த்து டப்பாவில் போட வேண்டும், சிம்பல்களுக்கு இடையில் துணி வைக்க வேண்டும், ஸ்டாண்டுகளின் முக்காலியை மடிக்க வேண்டும், பெடலைக் கழற்ற வேண்டும். ஏழு உருப்படி மூட்டை. நிலவறைப் படியோ ஒற்றை ஆள் அகலம், நடுவில் ஒரு திருப்பம். பாஸ் பை திருப்பத்தில் சிக்கிக்கொள்ள, கீழே நிற்கிற இவர் தோளால் முட்டுக்கொடுக்கிறார். முத்துக் கம்மல் பெண்மணி ஒரு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறுகிறார், வேண்டாம் வேண்டாம் என்று அவர் கைகாட்டியும் கேட்காமல். தெருவில் டாக்சி டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறது. பெரிய டிரம் முதலில் போக வேண்டுமா, ஸ்டாண்டுகள் முதலில் போக வேண்டுமா என்று ஓட்டுநர் ஒரு கட்சி, இவர் ஒரு கட்சி. பெண்மணி ஓட்டுநர் கட்சி.